தண்ணீர் விட்டாலும் சிக்கல், விடாவிட்டாலும் சிக்கல்! கிராண்ட் நேஷனல் குதிரைகளின் உயிரைக் காக்கும் ஈரக் கணக்கு

8 நிமிடம் 47.8 விநாடி. 11 நிமிடம் 0.1 விநாடி.

இரண்டுமே ஒரே பந்தயத்தில் வென்ற குதிரைகள் எடுத்துக்கொண்ட நேரம். இங்கிலாந்தில் லிவர்பூல் நகரை ஒட்டியிருக்கும் எய்ன்ட்ரீ மைதானத்தில் ஆண்டுதோறும் நடக்கும் 'கிராண்ட் நேஷனல்' பந்தயம் அது. 1990-ல் மிஸ்டர் ஃபிரிஸ்க் என்ற குதிரை முதல் நேரத்தில் ஓடி முடித்தது. 2001-ல் ரெட் மராடர் இரண்டாவது நேரத்தில் வந்து சேர்ந்தது. இரண்டு ஆண்டுகளிலும் சுமார் ஏழு கிலோமீட்டர் தூரம், தாண்ட வேண்டிய தடைகள் 30. ஆனாலும் வித்தியாசம் இரண்டு நிமிடங்களுக்கு மேல்!

காரணம், தரை. 1990-ல் மைதானம் காய்ந்து இறுகிக் கிடந்தது. குதிரைகள் பறந்தன. அந்தப் பந்தயத்தில் இரண்டு குதிரைகள் உயிரிழந்தன. 2001-ல் மழை கொட்டி மைதானம் சேறாகியிருந்தது. ஓடத் தொடங்கிய 40 குதிரைகளில் முடித்தவை நான்கே நான்கு. அதிலும் இரண்டு குதிரைகளின் ஜாக்கிகள் வழியில் இறங்க நேர்ந்து, மறுபடி ஏறி ஓட்டி வந்தவர்கள்.

இறுகிய தரை வேகத்தைக் கூட்டுகிறது, சேறு குதிரையைச் சோர வைக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு பதத்துக்கு மைதானத்தைக் கொண்டுவருவதற்காகவே பிரிட்டனிலும் அயர்லாந்திலும் பலர் மாதக்கணக்கில் உழைக்கிறார்கள். அவர்கள் கையில் இருக்கும் முக்கியமான கருவி, தண்ணீர்.

இது என்ன பந்தயம்?

சென்னை கிண்டியில் நடந்து வந்த குதிரைப் பந்தயத்தைப் பார்த்தவர்களுக்கு, தடை எதுவும் இல்லாத சமதளப் பந்தயம்தான் பழக்கம். பிரிட்டனில் அதை 'ஃபிளாட்' என்பார்கள். அங்கே இன்னொரு வகையும் உண்டு. குதிரைகள் ஓடிக்கொண்டே வேலிகளைத் தாண்ட வேண்டும். இதுதான் 'ஜம்ப் ரேசிங்'.

இதில் இரண்டு பிரிவு. ஒரு மீட்டருக்குச் சற்று அதிகமான உயரமுள்ள, இடித்தால் சாயக்கூடிய தடைகளைத் தாண்டுவது 'ஹர்டில்'. அதைவிடப் பெரிய வேலிகளைத் தாண்டுவது 'ஸ்டீப்பிள்சேஸ்'. 1839 முதல் பேசப்படும் கிராண்ட் நேஷனல் இந்த இரண்டாவது வகை. அதில் 'தி சேர்' என்று பெயர் பெற்ற வேலியின் உயரம் மட்டும் சுமார் 1.57 மீட்டர். நம்மில் பலருக்குத் தோள்பட்டையைத் தாண்டிவிடும்.

ஜம்ப் பந்தயங்களின் முக்கியமான பருவம் குளிர்காலம். மழையும் ஈரமும் உள்ள காலத்தில், மெத்தென்ற தரையில் ஓடுவதுதான் மரபு. இப்போது கோடையிலும் இந்தப் பந்தயங்கள் நடக்கின்றன. கிராண்ட் நேஷனல் நடக்கும் ஏப்ரல் மாதமோ இரண்டும் கெட்டான் காலம். ஒரு வாரம் மழை பெய்யும். அடுத்த வாரம் வெயிலும் காற்றும் சேர்ந்து தரையை உலர்த்திவிடும்.

தரைக்கு ஏழு பெயர்

கிரிக்கெட்டில் டாஸ் போடுவதற்கு முன் 'பிட்ச் ரிப்போர்ட்' சொல்வார்கள் அல்லவா? குதிரைப் பந்தயத்தில் அதற்குப் பெயர் 'கோயிங்'. மைதானம் எவ்வளவு கெட்டி, எவ்வளவு ஈரம் என்பதை ஒரே சொல்லில் சொல்லிவிடுவார்கள். பிரிட்டனில் புல்தரைக்கு ஏழு நிலைகள்.

• ஹார்டு – கல் போன்ற தரை
• ஃபர்ம் – இறுகிய தரை
• குட் டு ஃபர்ம் – சற்றே இறுக்கம்
• குட் – சரியான பதம்
• குட் டு சாஃப்ட் – சற்றே ஈரம்
• சாஃப்ட் – குளம்பு நன்றாகப் புதையும் ஈரம்
• ஹெவி – சேறு

அயர்லாந்தில் 'குட் டு சாஃப்ட்' என்பதற்குப் பதிலாக 'யீல்டிங்' என்கிறார்கள். அழுத்தினால் இடம் கொடுக்கும் தரை என்று பொருள்.

ஜம்ப் பந்தயத்துக்கு 'குட்' நிலையில் தரையைத் தயாரிக்க வேண்டும், 'குட் டு ஃபர்ம்' என்பதைவிட இறுகவிடக் கூடாது என்பதுதான் பிரிட்டிஷ் குதிரைப் பந்தய ஆணையம் மைதானங்களுக்கு வைத்திருக்கும் இலக்கு. 'ஹார்டு' தரையில் ஜம்ப் பந்தயம் நடத்தவே அனுமதி இல்லை. ஃபிளாட் பந்தயத்துக்கான இலக்கு இதைவிட ஒரு படி இறுக்கமானது, அதாவது 'குட் டு ஃபர்ம்'. தாண்டிக் குதிக்கும் குதிரைக்கு மட்டும் ஏன் கூடுதல் மென்மை?

முழங்காலுக்குக் கீழே தசை இல்லை

பந்தயக் குதிரையின் எடை சுமார் 500 கிலோ. முன்னங்காலில் முழங்காலுக்குக் கீழே பார்த்தால் எலும்பு, தசைநாண், தசைநார், தோல் அவ்வளவுதான். அதிர்ச்சியை வாங்கிக்கொள்ள அங்கே தசை கிடையாது. அந்த வேலையைச் செய்வது காலின் பின்புறம் ஓடும் தசைநாண்கள். ஒவ்வோர் அடியிலும் அவை ரப்பர் போல் இழுபட்டு, மறுபடி சுருங்கி, குதிரையை முன்னே தள்ளுகின்றன. முழு வேகத்தில் ஓடும்போது, தாங்கக்கூடிய எல்லைக்கு மிக அருகில் வரை அவை இழுபடுகின்றன.

இப்போது வேலியைத் தாண்டி இறங்கும் குதிரையை நினைத்துப் பாருங்கள். முதலில் ஒரு முன்னங்கால் தரையைத் தொடும். அடுத்த நொடிக்குள் இன்னொன்று. அந்தக் கணத்தில் குதிரையின் எடை, மேலே இருக்கும் ஜாக்கியின் எடை, விழும் வேகம் எல்லாமே அந்த மெல்லிய கால்களில்தான் இறங்குகின்றன. தரை கொஞ்சம் இடம் கொடுத்தால் அதிர்ச்சியில் ஒரு பங்கை மண் வாங்கிக்கொள்ளும். கொடுக்காவிட்டால் மொத்தமும் எலும்புக்கும் தசைநாணுக்கும் போகும்.

இறுகிய தரையில் இன்னொரு ஆபத்து, வேகம். குதிரைகள் வேலியை நெருங்கும் வேகம் கூடக்கூட, தாண்டும் இடத்தைக் கணிப்பதில் தவறு நேரும் வாய்ப்பு கூடுகிறது. விழுந்தால் அடியும் பலமாக இருக்கும். தரை இறுக இறுக உயிரிழப்பு அபாயம் கூடுகிறது என்பதைக் கால்நடை மருத்துவ ஆய்வுகள் தொடர்ந்து காட்டி வருகின்றன.

தசைநாண் அறுந்த குதிரை பிழைத்தாலும் குணமாக ஒரு வருடம்கூட ஆகலாம். சில குதிரைகள் பந்தயத்துக்குத் திரும்புவதே இல்லை. கால் எலும்பு மோசமாக முறிந்தால் பெரும்பாலும் கருணைக் கொலைதான்.

சரி, அப்படியானால் மைதானத்தைச் சேறாக்கிவிட்டால் பாதுகாப்பு கிடைத்துவிடுமா? அதுவும் இல்லை. 1998 கிராண்ட் நேஷனல் 'ஹெவி' தரையில் நடந்தது. 37 குதிரைகள் ஓடின, ஆறு மட்டுமே முடித்தன, மூன்று இறந்தன. சேற்றில் ஒவ்வோர் அடிக்கும் காலைப் பிடுங்கி எடுக்க வேண்டும். கடைசி வேலிகளை நெருங்கும்போது குதிரை சோர்ந்திருக்கும். சோர்ந்த குதிரை காலைச் சரியாகத் தூக்காது.

அதனால்தான் 'குட்' என்ற அந்த ஒற்றைச் சொல்லுக்கு இவ்வளவு மதிப்பு.

கைத்தடியும் கோயிங் ஸ்டிக்கும்

மைதானத்தின் நிலையை அறிவிக்கும் பொறுப்பு 'கிளார்க் ஆஃப் தி கோர்ஸ்' என்ற அதிகாரியுடையது. பெயரில் கிளார்க் இருந்தாலும் இது குமாஸ்தா வேலை அல்ல. பந்தய நாளில் மைதானம் சம்பந்தப்பட்ட எல்லாவற்றுக்கும் அவரே பொறுப்பு. தண்ணீர் விடலாமா, எவ்வளவு விடலாம், எந்தப் பக்கம் விடலாம் என்று முடிவெடுப்பவரும் அவர்தான்.

பல தலைமுறைகளாக இந்த வேலைக்கான கருவி ஒரு கைத்தடி. அதிகாலையில் மைதானம் முழுக்க நடந்து, தடியை மண்ணில் குத்திப் பார்ப்பார்கள். குதிகாலால் அழுத்திப் பார்ப்பார்கள். எவ்வளவு இறங்குகிறது என்பதை வைத்துத் தரையின் நிலையைச் சொல்வார்கள். அனுபவம் பேசும். ஆனால், ஒருவர் 'குட்' என்பதை இன்னொருவர் 'குட் டு ஃபர்ம்' என்பார்.

இதற்குத் தீர்வாக 2000-களின் தொடக்கத்தில் வந்ததுதான் 'கோயிங் ஸ்டிக்'. டர்ஃப்ட்ராக்ஸ் நிறுவனமும் கிரான்ஃபீல்டு பல்கலைக்கழகமும் சேர்ந்து உருவாக்கிய கருவி. பார்க்கக் கைப்பிடி வைத்த தடி போல இருக்கும். முனையில் தட்டையான உலோகத் தகடு. அதை மண்ணில் செங்குத்தாக இறக்கும்போது எவ்வளவு விசை தேவைப்படுகிறது என்று கருவி அளக்கும். பிறகு தடியை 45 டிகிரி சாய்த்து இழுக்க வேண்டும். மண் எவ்வளவு எதிர்க்கிறது என்பது இரண்டாவது அளவு.

முதல் அளவு, குளம்பு எவ்வளவு இறங்கும் என்பதைச் சொல்கிறது. இரண்டாவது, குளம்பு உந்தித் தள்ளும்போது புல்லும் வேரும் எவ்வளவு பிடிப்புக் கொடுக்கும் என்பதை. இரண்டையும் சேர்த்து 1 முதல் 15 வரையிலான ஓர் எண் கிடைக்கும். எண் குறைந்தால் மென்மை, கூடினால் இறுக்கம். மைதானத்தில் பல இடங்களில் குத்திப் பார்த்துச் சராசரி எடுக்கிறார்கள். பிரிட்டனில் இந்த எண்ணும் கோயிங் அறிவிப்போடு வெளியாகிறது.

ஆனாலும் எண் மட்டும் போதாது. களிமண் மைதானமும் மணற்பாங்கான மைதானமும் ஒரே எண்ணைக் காட்டினாலும் குதிரைக்கு ஒரே மாதிரி இருக்காது. அதனால் கைத்தடியோடு நடப்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள்.

5 மில்லிமீட்டர் என்றால் எத்தனை லாரி?

மைதான அறிவிப்புகளில் 'செவ்வாய் இரவு 5 மில்லிமீட்டர் தண்ணீர் விடப்பட்டது' என்பது போன்ற வரிகள் சாதாரணமாக வரும். படிக்கும்போது ஏதோ தூறல் போலத் தோன்றும். கணக்குப் போட்டுப் பார்த்தால் வேறு மாதிரி இருக்கும்.

ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு மில்லிமீட்டர் தண்ணீர் என்பது ஒரு லிட்டர். ஒரு ஹெக்டேருக்கு 10,000 லிட்டர். ஒரு சுற்று 3.2 கிலோமீட்டர் நீளம், 25 மீட்டர் அகலம் உள்ள பந்தயப் பாதை என்று வைத்துக்கொள்வோம். மொத்தப் பரப்பு 8 ஹெக்டேர். அதற்கு 5 மில்லிமீட்டர் தண்ணீர் விட 4 லட்சம் லிட்டர் தேவை. நம்மூர்த் தெருக்களில் வரும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரிகள் என்றால், 33 லாரிகளுக்கு மேல். அதுவும் ஒரே ஒரு இரவுக்கு!

இந்தத் தண்ணீர் ஆழ்துளைக் கிணறு, ஆறு, மைதானத்திலேயே வெட்டிய குளம் எனப் பல இடங்களிலிருந்து வருகிறது. தெளிக்கும் முறைகள் நம் விவசாயிகளுக்கும் தெரிந்தவைதான். மண்ணுக்குள் புதைத்த குழாய்களிலிருந்து எழும்பும் தெளிப்பான்கள், தூரத்துக்குப் பீய்ச்சி அடிக்கும் ரெயின் கன், நீளமான கைகளோடு மெதுவாக நகர்ந்துகொண்டே தூவும் இயந்திரம். இவற்றில் நகரும் இயந்திரம் தரைக்கு அருகிலிருந்து தூவுவதால் காற்றில் அதிகம் சிதறாது. ரெயின் கன்னுக்குக் காற்றுதான் எதிரி. ஒரு பக்கம் குளமாகும், இன்னொரு பக்கம் காய்ந்தே கிடக்கும்.

இந்த ஏற்றத்தாழ்வு சாதாரணக் குறை அல்ல. முழுவதும் இறுகிய தரையென்றால் ஜாக்கி அதற்கேற்ப ஓட்டுவார், முழுவதும் சேறென்றால் அதற்கேற்ப. ஆனால், பத்தடி இறுக்கம், அடுத்த பத்தடி சொதசொதப்பு என்று மாறி மாறி வந்தால், அந்த வேகத்தில் குதிரையால் காலை மாற்றி வைக்க முடியாது. வளைவுகளில் இது இன்னும் மோசம். அடியில் காய்ந்த மண், மேலே மட்டும் லேசான ஈரம் என்றால் குளம்பு வழுக்கும்.

அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விடுவதிலும் பிரச்னை இருக்கிறது. மேல்மண்ணிலேயே ஈரம் கிடைத்தால் புல்லின் வேர் கீழே இறங்காது. வேர் ஆழமாக இல்லாத புல், குளம்பு பட்டதும் பெயர்ந்து வரும். அதனால் பந்தயம் இல்லாத மாதங்களிலும் மைதான ஊழியர்களுக்கு ஓய்வு இல்லை. மண்ணில் ஆழமாகத் துளையிட்டுக் காற்றோட்டம் கொடுக்கிறார்கள், புல்லை அடர்த்தியாக வளர்க்கிறார்கள், ஒவ்வொரு பந்தயம் முடிந்ததும் முள்கரண்டிகளோடு இறங்கி, குளம்பு பெயர்த்த பள்ளங்களை மண் போட்டு மூடி மிதிக்கிறார்கள். டி.வி கேமரா அப்போது வென்ற குதிரையைக் காட்டிக்கொண்டிருக்கும்.

ஊற்றிய தண்ணீரைத் திரும்ப எடுக்க முடியாது

மொட்டை மாடியில் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சங்கடம் புரியும். 'சாயங்காலம் மழை வரும் போலிருக்கே' என்று செடிக்குத் தண்ணீர் விடாமல் விட்டால், மழை வராது. விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தால் கொட்டித் தீர்க்கும். கிளார்க் ஆஃப் தி கோர்ஸின் நிலைமையும் அதேதான். ஆனால், அவர் தவறினால் வாடுவது செடி இல்லை.

பந்தயத்துக்கு நான்கு நாள்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். தரை இப்போது 'குட்'. வெயிலும் காற்றும் உள்ள ஒரு வசந்தகால நாளில் மண்ணும் புல்லும் சேர்ந்து 2, 3 மில்லிமீட்டர் ஈரத்தை இழக்கலாம். அப்படியே விட்டால் பந்தய நாளில் இறுகிவிடும். வானிலை அறிக்கையோ மூன்றாம் நாள் மழைக்கு வாய்ப்பு என்கிறது. 2 மில்லிமீட்டரும் பெய்யலாம், 12 மில்லிமீட்டரும் பெய்யலாம்.

தண்ணீர் விடாமல் காத்திருந்து மழை பொய்த்தால், இறுகிய தரையில் தங்கள் குதிரையை ஓடவிடப் பல பயிற்சியாளர்கள் மறுப்பார்கள். 15 குதிரைகள் ஓட வேண்டிய பந்தயத்தில் ஐந்துதான் நிற்கும். ஓடும் குதிரைகளின் காலுக்கும் ஆபத்து. தண்ணீர் விட்ட பிறகு 12 மில்லிமீட்டர் மழை பெய்தால், 'குட்' என்று நம்பிப் பெயர் கொடுத்தவர்கள் சாஃப்ட் தரையைப் பார்த்துக் கோபப்படுவார்கள். அவர்களில் சிலரும் குதிரையை விலக்கிக்கொள்வார்கள்.

காய்ந்த தரைக்கு இன்னும் கொஞ்சம் தண்ணீர் விடலாம். நனைந்த தரையை ஓர் இரவில் காயவைக்க வழியில்லை. அதனால் சிறிய அளவில் விட்டு, மறுநாள் அளந்து, மறுபடி முடிவெடுப்பதுதான் பெரும்பாலான மைதானங்களின் வழக்கம். எவ்வளவு விட்டோம் என்பதை வெளிப்படையாக அறிவிப்பதும் அதே காரணத்தால்தான். குதிரையை அனுப்புபவர்களும் பணம் கட்டுபவர்களும் அந்த ஒரு வரியை வைத்தே முடிவெடுக்கிறார்கள்.

புதிய தரையை மிச்சம் பிடித்து வைப்பது இன்னொரு வழி. இங்கிலாந்தின் செல்ட்டனம் மைதானத்தில் மார்ச் மாதம் நான்கு நாள் திருவிழா நடக்கும். முதல் இரண்டு நாள்கள் 'ஓல்டு கோர்ஸ்' பாதையிலும், அடுத்த இரண்டு நாள்கள் 'நியூ கோர்ஸ்' பாதையிலும் ஓடுவார்கள். மிதிபட்ட புல்லில் நான்கு நாளும் ஓட வேண்டியதில்லை.

'இயற்கையாக விட்டால் என்ன?'

தண்ணீர் விடுவதை எல்லோரும் கைதட்டி வரவேற்பதில்லை. சில குதிரைகள் இறுகிய தரையில்தான் நன்றாக ஓடும். அவற்றை வைத்திருப்பவர்கள், 'வானம் கொடுத்த தரையில் ஓட்டுங்கள். காய்ந்தால் எங்கள் குதிரைக்கு வாய்ப்பு, நனைந்தால் உங்கள் குதிரைக்கு வாய்ப்பு. எல்லாத் தரையையும் ஒரே மாதிரி ஆக்கினால் எங்களுக்கு எப்போது வாய்ப்பு?' என்று கேட்கிறார்கள். அளவுக்கு மீறித் தண்ணீர் விட்டுச் செயற்கைச் சேறு உண்டாக்குகிறார்கள் என்ற குற்றச்சாட்டும் அவ்வப்போது எழும்.

எதிர்த்தரப்பின் பதில் எளிமையானது. இறுகிய தரை பிடிக்கும் குதிரைக்கும் கால் அதே கால்தான்.

புல்லே வேண்டாம், செயற்கை மணல் பரப்பு போதுமே என்று ஒரு கட்டத்தில் முயன்றும் பார்த்தார்கள். 1989 முதல் இங்கிலாந்தின் லிங்ஃபீல்டு, சவுத்வெல் மைதானங்களின் செயற்கைப் பரப்பில் ஹர்டில் பந்தயங்கள் நடந்தன. மழையோ பனியோ எதுவும் தடையில்லை என்பதுதான் அதன் கவர்ச்சி. ஆனால், குதிரைகள் இறப்பது அதிகமானதால் 1994-ல் அது கைவிடப்பட்டது. ஃபிளாட் பந்தயங்கள் அந்த மைதானங்களின் செயற்கைப் பரப்புகளில் இன்றும் நடக்கின்றன. தாண்டிக் குதிக்கும் பந்தயம் மட்டும் புல்லுக்கே திரும்பி வந்துவிட்டது.

எய்ன்ட்ரீ கற்ற பாடம்

2011 கிராண்ட் நேஷனல் நாளில் ஏப்ரலுக்குப் பொருந்தாத வெயில். பாலாபிரிக்ஸ் என்ற குதிரை வென்றது. எல்லையைத் தாண்டியதும் ஜாக்கிகள் உடனே இறங்கி, குதிரைகள் மீது தண்ணீர் ஊற்ற வழிவிட்டார்கள். அந்தப் பந்தயத்தில் இரண்டு குதிரைகள் இறந்தன. அடுத்த ஆண்டும் இரண்டு. பொதுமக்களின் கோபம் பெரிதானது.

அதன்பின் பல மாற்றங்கள் வந்தன. வேலிகளுக்குள் இருந்த மரச்சட்டங்கள் நீக்கப்பட்டு, வளைந்து கொடுக்கும் பொருள்கள் வைக்கப்பட்டன. இறங்கும் பக்கத்துப் பள்ளங்கள் சமப்படுத்தப்பட்டன. 2013 முதல் 2018 வரை அந்தப் பந்தயத்தில் ஒரு குதிரைகூட இறக்கவில்லை.

ஆனால், கதை அங்கே முடியவில்லை. 2023-ல் விலங்கு உரிமை ஆர்வலர்களின் போராட்டத்தால் தாமதமாகத் தொடங்கிய பந்தயத்தில், ஹில் சிக்ஸ்டீன் என்ற குதிரை முதல் வேலியிலேயே விழுந்து இறந்தது. 2024-ல் ஓடும் குதிரைகளின் உச்சவரம்பு 40-லிருந்து 34 ஆகக் குறைக்கப்பட்டது. முதல் வேலி, தொடங்கும் இடத்துக்கு அருகே நகர்த்தப்பட்டது. மாலை 5.15-க்குத் தொடங்கிய பந்தயம் 4 மணிக்கு மாற்றப்பட்டது. இந்த நேர மாற்றத்துக்குச் சொல்லப்பட்ட காரணம் என்ன தெரியுமா? தரை சிறந்த நிலையில் இருக்கும்போதே பந்தயத்தை நடத்த வேண்டும் என்பது!

அந்த ஆண்டு தரை சாஃப்ட். 32 குதிரைகள் ஓடின. 21 முடித்தன. ஒரு குதிரைகூடத் தடையில் இடறி விழவில்லை. ஐ ஆம் மாக்ஸிமஸ் வென்றது. மறு ஆண்டு 2025-ல், செலெப்ர் டாலென் என்ற 13 வயதுக் குதிரை பந்தயத்தின்போது சரிந்து, சில நாள்களில் இறந்தது. தரையைச் சரியாக வைத்தால் ஆபத்து குறையும், இல்லாமல் போகாது. 'குறைந்தால் மட்டும் போதுமா, இந்தப் பந்தயமே தேவையா?' என்ற கேள்வியை விலங்கு ஆர்வலர்கள் ஒவ்வொரு ஏப்ரலிலும் எழுப்புகிறார்கள்.

வெயில் கூடுகிறது, தண்ணீர்?

2022 ஜூலை 19 அன்று இங்கிலாந்தின் கோனிங்ஸ்பி என்ற இடத்தில் 40.3 டிகிரி செல்சியஸ் வெப்பம் பதிவானது. அந்த நாட்டு வரலாற்றிலேயே அதுதான் உச்சம். கோடைகள் இன்னும் வெப்பமாகவும் வறட்சியாகவும், குளிர்காலங்கள் இன்னும் ஈரமாகவும் மாறும் என்பது பிரிட்டன் வானிலை ஆய்வு மையத்தின் கணிப்பு.

ஜம்ப் மைதானங்களுக்கு இது இரு பக்கமும் அடி. குளிர்காலத்தில் வெள்ளம் தேங்கிப் பந்தயங்கள் ரத்தாகும். கோடையிலும் இலையுதிர் காலத்திலும் தரை இறுகும், தண்ணீர் இன்னும் அதிகம் தேவைப்படும். அப்போதுதான் ஆறும் கிணறும் வற்றியிருக்கும்.

இங்கிலாந்தில் நாளொன்றுக்கு 20 கன மீட்டர், அதாவது 20,000 லிட்டருக்கு மேல் ஆற்றிலிருந்தோ நிலத்தடியிலிருந்தோ எடுக்க உரிமம் வேண்டும். கடும் வறட்சியில் தெளிப்புப் பாசனத்துக்கு எடுக்கும் தண்ணீரைக் கட்டுப்படுத்த அரசுக்கு அதிகாரமும் இருக்கிறது. வீட்டுத் தோட்டத்துக்குக் குழாய் பிடிக்கத் தடை இருக்கும் ஊரில், பந்தய மைதானம் மட்டும் பச்சையாக இருந்தால் கேள்வி வரத்தானே செய்யும்?

மழைக்காலத்தில் வரும் தண்ணீரைக் குளம் வெட்டிச் சேமித்து, கோடையில் விடுவது ஒரு தீர்வு. தண்ணீர் தேவைப்படாத மாதங்களுக்குப் பந்தயங்களை மாற்றுவது இன்னொன்று. ஒன்றுக்குச் செலவு அதிகம், இன்னொன்றுக்கு வருமானம் குறையும். ஆனால், தண்ணீரும் இல்லாமல் தரையும் இறுகினால், பந்தயத்தை ரத்து செய்வதைத் தவிர வேறு நேர்மையான முடிவு இல்லை.

அடுத்த ஏப்ரலில் கிராண்ட் நேஷனலை போனில் பார்க்க நேர்ந்தால், குதிரைகளின் பெயர்ப் பட்டியலுக்கு மேலே சின்னதாக ஒரு வரி இருக்கும். 'கோயிங்: குட் டு சாஃப்ட்' என்பது போல. அந்த மூன்று சொற்களுக்காக ஒருவர் பல நாள்களாக வானத்தையும் மண்ணையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நடந்திருப்பார். எந்தக் குதிரை ஜெயிக்கிறது என்பதில் அவருக்குப் பங்கில்லை. ஓடிய குதிரைகள் எல்லாம் நடந்தே லாயத்துக்குத் திரும்பினால், அன்று அவருடைய வேலை முடிந்தது.